கழுவ வேண்டாத பிரஷ்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிறுகளுக்கு முன் உங்கள் இணைப்பிதழில், கணினியில் படம் வரையப் பழகுகிறவர்களுக்கு யோசனைகள் என்று அரைப்பக்கம் வந்திருந்தது. அதில் நான்காவது யோசனை: புதிதாக வருகிறவர் மென்பொருளில் இருக்கும் பிரஷ்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் அதிலேயே வரைய வேண்டும், பிரஷ்ஷை மாற்றி மாற்றிப் பார்ப்பது நேரத்தைத் தின்னும் வியாதி. இதை என் பேத்தியிடம் காட்டினேன். "சரியாத்தான தாத்தா போட்டிருக்காங்க. நீங்கதான் தினம் ஒரு பிரஷ்ஷத் தூக்கிக்கிட்டு அலையுதீங்க" என்றாள். அவளிடம் வாதாடி ஜெயித்ததாக எங்கள் வீட்டில் சரித்திரம் கிடையாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். ஊர் கோவில்பட்டி. 1970-ல், 14 வயதில், பஜாரில் ஒரு ஆர்ட்ஸ் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கடை போர்டு, லாரி நம்பர், சினிமா தட்டி, தேர்தல் வந்தால் சுவர் என்று கைக்கு வந்ததையெல்லாம் எழுதியிருக்கிறேன். காலண்டர் சாமி படங்களுக்குப் பேர்போன கொண்டைய ராஜு அப்போது எங்கள் ஊரில்தான் இருந்தார். 1976-ல் மறைந்தார். அந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவர் வீட்டுப் படியேறும் தைரியம் எனக்கு வரவில்லை. பிறகு 2000-க்கு மேல் ஃபிளெக்ஸ் வந்தது. முதலில் கட்சிக்காரர்கள் போனார்கள், அப்புறம் கல்யாண வீட்டுக்காரர்கள், கடைசியில் எங்கள் தெரு டீக்கடைக்காரரும் போனார். அவருக்கு நான் எழுதிய போர்டு 18 வருடம் வெயிலில் நின்றது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். மற்றபடி இந்தக் கடிதம் ஃபிளெக்ஸைப் பற்றியது இல்லை.

கடையில் சேர்ந்த முதல் ஆறு மாதம் எங்கள் கடைக்கார அண்ணாச்சி என்னை ஒரு கோடுகூடப் போட விடவில்லை. பிரஷ் கழுவவிட்டார். அன்றைக்குப் புழங்கிய பிரஷ்ஷெல்லாம் சாயங்காலம் ஒரு டால்டா டப்பாவில் மண்ணெண்ணெயில் நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பழந்துணியில் ஒற்றி, உள்ளங்கையில் பார் சோப்பைத் தேய்த்து, அதன் மேல் பிரஷ்ஷைச் சுற்றிச் சுற்றி நுரை வெள்ளையாக வரும்வரை கழுவ வேண்டும். பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தடவி, முடியை நீவிப் படுக்கப் போட வேண்டும். முடி தரையில் ஊன்றும்படி வைத்துவிட்டால் தலையில் குட்டு விழும்.

படிக்க வைக்க வசதியில்லாத வீட்டுப் பையனுக்குக் கொடுத்த தண்டனை என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் அந்த ஆறு மாதத்தில் கை எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்தது. பன்றிமுடி பிரஷ் உள்ளங்கையைக் குத்தும். அதன் வேரில், தகடு முடிகிற இடத்தில், பெயின்ட் பதுங்கிக் கிடக்கும், எத்தனை அலசு அலசினாலும் கொஞ்சம் மிச்சம் வரும். அணில்வால் முடி ஈரத்தில் ஊசிமுனையாகக் கூடும், உதறினால் பூவாக விரியும். எழுத்துக்கென்று இருந்த தட்டை பிரஷ் ஒன்று இடது ஓரத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானம் அண்ணாச்சியின் கைவாகு. கீரிமுடி பிரஷ் ஒன்றும் இருந்தது, அதை மட்டும் அவரே கழுவிக்கொள்வார். (கீரிமுடியில் பிரஷ் செய்வதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். யாராவது இப்போதும் ரகசியமாகக் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள்.) ஆக, ஒரு 'அ' எழுதும் முன்பே கடையில் இருந்த இருபத்தெட்டு பிரஷ்ஷும் எனக்குப் பழக்கமாகிவிட்டன.

கணினியில் அந்த வேலையே கிடையாது. உங்கள் கட்டுரையாளர் யோசிக்காமல் விட்டது இதைத்தான். ஒரு பிரஷ்ஷைத் தேர்ந்தெடு என்கிறார். எந்தப் பிரஷ்ஷை? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? ஒன்றையும் கழுவிப் பார்க்காதவனிடம் இருபத்தெட்டை நீட்டி, ஒன்றை எடுத்துக்கொள், ஒரு வருடத்துக்கு அதுதான் என்றால், அவன் கைக்கு எட்டியதை எடுப்பான். பாதிப்பேர் பென்சிலை எடுப்பார்கள், பெயர் தெரிந்ததாக இருப்பதால்.

நான் தொடங்கிய கதையைச் சொல்கிறேன். மகள் வயிற்றுப் பேத்தி விஸ்காம் படிக்கிறாள். புதிதாக ஒரு பென் டேப்லெட், அதாவது பேனாவால் வரைந்தால் கணினித் திரையில் கோடு விழும் பலகை, வாங்கியதும் பழையதை என்னிடம் தள்ளிவிட்டாள். அதில் வரையும் இடம் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம், அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிது. பேனாவில் பேட்டரி கிடையாது, பலகையின் காந்தப்புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது. கை அழுத்தத்தை 8192 படிகளாகப் பிரித்து உணருமாம். மகனுடைய பழைய மடிக்கணினியில் கிரிட்டா என்ற மென்பொருளை ஏற்றிக் கொடுத்தாள். இலவசம்தான், விளம்பரத் தொல்லையும் இல்லை. கிரிட்டா என்பது ஸ்வீடன் மொழியில் சாக்பீஸுக்கான சொல் என்று அவள்தான் சொன்னாள். திறந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட பிரஷ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு, முதலில் அழிப்பான்கள், பிறகு சாதாரண பிரஷ், பென்சில், மை என்று அடுக்கியிருக்கிறார்கள்.

முதல் பதினைந்து நாள் மானம் போனது. இருபதடி சுவரில் நூல் பிடிக்காமல் நேர்கோடு இழுத்தவனுக்கு அஞ்சலட்டையில் ஒரு கோடு வரவில்லை. கை மேஜைமேல் ஓடுகிறது, கோடு எதிரே திரையில் ஓடுகிறது. சுவரில் நாங்கள் தோளிலிருந்து இழுப்போம், இங்கே தோளை அசைத்தால் பேனா பலகையைத் தாண்டிப் போய் டீ டம்ளரைத் தட்டுகிறது. போதாக்குறைக்கு என்னுடையது கனத்த கை. சுண்ணாம்புச் சுவரில் பன்றிமுடியை ஊன்றி எழுதிப் பழகியவன், தொட்டதுமே 8192-வது படியில்தான் போய் நிற்கிறேன். எல்லாக் கோடும் ஒரே தடிமன். எவ்வளவு ஊன்றினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதற்கு ஒரு வளைகோடு இருக்கிறது, அமைப்புகளுக்குள் போய் அதைக் கீழே இழுத்துவிட்டால் கனத்த கைக்கும் மெல்லிய கோடு வரும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. இதை உங்கள் அரைப்பக்கத்தில் ஒரு வரியாகப் போட்டிருந்தால் என்னைப் போன்ற ஆட்களுக்கு எவ்வளவோ புண்ணியமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு ஒரு நோட்டு போட்டேன். பழைய முறைதான், தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பிரஷ். மெதுவாக இழுத்தால் என்ன, விசுக்கென்று இழுத்தால் என்ன, காய்ந்த நிறத்தின் மேல் போட்டால் என்ன (கணினியில் ஏது காய்வது, ஆனாலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்), சின்னதாக்கினால் என்ன, பெரிதாக்கினால் என்ன. ஒரு பக்கம் நிறைந்தால் அந்தப் பிரஷ் கழுவியாயிற்று என்று கணக்கு. கடைசியில் ஒரு 'ழ' எழுதிப் பார்ப்பேன்.

இருபதாவது நாளோ என்னவோ, பிரஷ்ஷின் குணத்தை மாற்றுகிற பிரஷ் எடிட்டர் என்ற பகுதிக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே ஸ்பேசிங் என்று ஒன்று. 0.1 என்று இருந்ததைச் சும்மா ஏற்றிக்கொண்டே போனேன். 1-ஐத் தாண்டியதும் என் கோடு அறுந்து புள்ளி புள்ளியாகிவிட்டது. கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி, சம இடைவெளியில், ஒவ்வொரு புள்ளியும் அச்சுக் குத்தியது போல. பழுதாக்கிவிட்டோம் என்று பயந்து பேத்தியைக் கூப்பிட்டேன். "அது அப்படித்தான் தாத்தா, எப்பவுமே அது புள்ளிதான். நெருக்கமா இருக்கதால உங்களுக்குக் கோடாத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஐம்பது வருடமாகக் கோடு என்றால் என் மனசில் முடி இழுத்துக்கொண்டு போன தடம். இங்கே அது தபாலாபீஸ் முத்திரை. சின்னதாக ஒரு வடிவம், அதை நெருக்கி நெருக்கிக் குத்திக்கொண்டே போகிறது. சொரசொரப்பான முத்திரை என்றால் பென்சில் என்று பெயர், உடைந்த முத்திரை என்றால் சாக்பீஸ், இலை வடிவ முத்திரை என்றால் இலை பிரஷ். கை அழுத்தத்துக்கு முத்திரை பெரிதாகிறதா, அடர்த்தியாகிறதா, கீழே இருக்கும் நிறத்தையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு போகிறதா என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். எல்லா பிரஷ்ஷும் இந்த ஜாதி என்று சொல்லமாட்டேன். ஒரு வகை இருக்கிறது, பக்கத்தில் முன்பு போட்ட கோட்டைத் தேடிப்பிடித்துச் சிலந்தி மாதிரி நூல் கட்டிவிடும். ஆனால் பெரும்பாலானவை முத்திரைக் குடும்பம்தான். மறுநாள் காலையில் திறந்தபோது நூறு பிரஷ் இருந்த இடத்தில் எனக்கு ஏழெட்டுப் பிரஷ்தான் தெரிந்தன, மற்றதெல்லாம் அவற்றின் பிள்ளைகுட்டிகள். ஒரே பென்சிலோடு ஒரு வருடம் உட்கார்ந்திருந்தால் இது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

'ழ'வைப் பற்றிச் சொல்ல வேண்டும். தட்டை பிரஷ்ஷில் 'ழ' எழுதும்போது கீழ்ச்சுழியில் பிரஷ்ஷைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்ட வேண்டும். பீடி சுற்றுவது போல ஒரு சின்ன உருட்டல். அதில்தான் தடிமன் மெலிந்து, திரும்பி, மறுபடி தடிக்கும். அண்ணாச்சி எங்களை எடை போட்டது அந்தச் சுழியில்தான். திரையில் தட்டை பிரஷ்ஷை எடுத்து அதே உருட்டலை உருட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பேனா உருளுவதை என்னுடைய பலகை உணராது. விலை கூடிய பேனாக்களில் உணர்கிறவை உண்டாம். சரி என்று பிரஷ் எடிட்டரில் தேடினால், கோடு போகிற திசைக்குப் பிரஷ்ஷே திரும்பிக்கொள்ள ஒரு வசதி இருந்தது. போட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் திரும்பியது, எங்கேயும் மெலியவில்லை. எழுத்து ரப்பர் குழாயை வளைத்துப் போட்டது மாதிரி இருந்தது. ஒன்பது பிரஷ் மாற்றிய பிறகு, ஜி-பென் என்று ஒன்றில் பிடி கிடைத்தது. ஜப்பானில் சித்திரக்கதை வரைகிறவர்கள் பயன்படுத்தும் பேனா முள்ளைப் பார்த்து அமைத்தது அது. உருட்டவே வேண்டாம், சுழியில் கையைத் தளர்த்தி, மேலேறும்போது ஊன்றினால் போதும். விரல் செய்த வேலையை அழுத்தத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இப்போது என் 'ழ' தொண்ணூறு சதவீதம் 'ழ'. மிச்சம் பத்தை அண்ணாச்சி பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

வயதானவர்களுக்கு ஒரு சங்கதி. கை நடுக்கத்தை அடக்க ஸ்டெபிலைசர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பேனாவுக்குப் பின்னால் கோடு கொஞ்சம் தாமதமாக, வழுவழுவென்று வரும். எனக்கு முதலில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, நாற்பது வயதுக் கை திரும்பி வந்தது போல. ஒரு வாரம் போனதும் அதைப் பாதியாகக் குறைத்தேன். கோடு ரொம்பச் சுத்தமாக இருந்தது, யார் போட்டதென்றே தெரியாத சுத்தம். இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி, 1937-ல் பிறந்தவர், 2009-ல் ஐபோனிலும் அடுத்த வருடம் ஐபேடிலும் வரையத் தொடங்கினார் என்று படித்தேன். எழுபதை ஒட்டிய வயதில் தொடங்கியதில் எனக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்தார். அவருக்கு அறுபது வருடத் தேர்ச்சி முன்னால் இருந்தது, எனக்கு லாரி நம்பர் இருக்கிறது.

பழகுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் தீப்பெட்டி லேபிள். எங்கள் ஊரில் வேறு எதை எடுப்பேன்? தீப்பெட்டி ஒரு ரூபாயாக இருந்த காலத்து லேபிள்கள் ஒரு சிகரெட் அட்டைப் பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. (2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆக்கினார்கள்.) மயில், சாவி, கப்பல், அணில். இரண்டு அங்குலத்துக்குள் ஒரு உருவம், மூன்று நான்கு நிறம், தடித்த கோடு. ஒரே மயிலை முப்பத்தொரு பிரஷ்ஷில் வரைந்து வைத்திருக்கிறேன். மை பிரஷ் மயில் லேபிள் மயில் மாதிரியே இருந்தது. ஈர பிரஷ்ஷில் மயில் நனைந்துபோயிற்று. உண்மையான வாட்டர் கலர்போல நிறம் தானாக ஓடும் என்று காத்திருந்தேன், ஓடவில்லை. நாம் இழுத்தால்தான் குழம்புகிறது. காய்ந்த பன்றிமுடி மாதிரி ஒரு பிரஷ் இருக்கிறது, அதில் மயிலே வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் சும்மா இழுத்துப் பார்த்த நாலு இழுப்பு, சித்திரை மாதத்துக் கரிசல் வெடித்துக் கிடப்பதுபோல அப்படியே இருந்தது. மயிலை விட்டுவிட்டு மறுநாள் கதிரேசன் கோயில் மலையிலிருந்து பார்த்தால் தெரியும் காட்டை வரைந்தேன். நான் முதன்முதலாக வாடிக்கையாளர் கேட்காமல் வரைந்த படம் அதுதான் என்று வரைந்து முடித்த பிறகுதான் உறைத்தது.

அதைப் பிரிண்ட் போடப் போய் அவமானப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் போட்டார்கள். கட்டம் கட்டமாக வந்தது. நான் திறந்த தாளே 600-க்கு 800 புள்ளிதான். ஏ4 அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, கணக்கில் 2480-க்கு 3508 வேண்டும். ஓரத்தில் வைத்திருந்த வாடாமல்லிப் பூவும் செத்துப்போய் வந்தது, திரையின் ஒளியில் தெரிகிற நிறமெல்லாம் மைக்கு வராது. கடைப்பையன் "யாரு சார் வரைஞ்சா, சின்னப் பிள்ளையா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் கட்டுரையாளரோடு ஒத்துப்போகிற இடமும் உண்டு. பேத்தியின் சிநேகிதி ஒருத்தி ஆயிரக்கணக்கில் பிரஷ் இறக்கி வைத்திருக்கிறாள். மேகத்துக்கு ஒன்று, கூந்தலுக்கு ஒன்று, செங்கல் சுவருக்கு ஒன்று. ஒரே இழுப்பில் தோப்பு வந்துவிடுகிறது, அவளுக்கு ஒரு வேப்பமரம் வரைய வரவில்லை. கட்டுரையில் வியாதி என்று சொன்னது இதை என்றால் நான் இரண்டு கையும் தூக்கி ஆதரிக்கிறேன். அதற்குக் கை வைத்தியமாகச் சொன்ன 'ஒரு வருடம் ஒரே பிரஷ்' என்பதைத்தான் மறுக்கிறேன். மூன்று மாதம் கழுவட்டும், பிறகு அவர்களே குறைத்துக்கொள்வார்கள். என் நோட்டில் அறுபத்து நாலு பக்கம் நிரம்பியிருக்கிறது. இப்போது நான் புழங்குவது பென்சில்-2, ஜி-பென், அந்தக் கரிசல் பிரஷ், இந்த மூன்றுதான். வலது பொத்தானை அழுத்தினால் அஞ்சறைப்பெட்டி மாதிரி வட்டமாக விரிகிற தட்டில் மூன்றையும் வைத்திருக்கிறேன். மிச்ச இடத்தைப் பேத்தி பூனைப் படத்துக்கு முடி போடும் பிரஷ்களால் நிரப்பிவிட்டாள்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இணைப்பிதழில் அடுத்த முறை இதற்கு இடம் ஒதுக்கும்போது யோசனைகளைக் குறைத்துக்கொண்டு, ஒரே பொருளை, ஒரு சொம்போ செருப்போ போதும், ஆறு பிரஷ்ஷில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எந்தப் பிரஷ், என்ன அளவு, ஸ்பேசிங் எவ்வளவு, கை அழுத்தினால் என்ன ஆனது என்று கீழே தமிழில் இரண்டு வரி. லேயருக்கும் பிரஷ்ஷுக்கும் தூய தமிழ்ச் சொல் தேடி மெனக்கெட வேண்டாம், படிக்கிறவனுக்கு லேயர் என்றால் தெரியும். பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளை, அம்மாவின் போனில் விரலால் வரைந்து பார்க்கிற பிள்ளை, அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ளும். லோயர் கிரேடு, ஹையர் கிரேடு பரீட்சை எழுதிய டிராயிங் வாத்தியார்கள் உங்கள் வாசகர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள், கேட்டால் வரைந்து அனுப்புவார்கள்.

மாதிரிக்கு என் மயில் ஆறையும் இத்துடன் மின்னஞ்சலில் இணைத்திருக்கிறேன். 2480-க்கு 3508, இந்தமுறை கவனமாகப் பார்த்துவிட்டேன். 1978-ல் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஜோக் படம் ஒன்று அனுப்பி, தபால்தலை ஒட்டிய உறையும் வைத்து, அந்த உறையில் அது பத்திரமாகத் திரும்பி வந்தது. இதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, மூலம் என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
போர்டு எழுதியவன், 
கோவில்பட்டி.